பெயர் கேட்ட குரல்

கவிதா, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பெங்களூரில் உன் ஆபீசில் இப்போது ஒரு செயலி செய்தால் அதை ஆட்களிடம் கொடுத்துப் பார்ப்பதே குறைந்துவிட்டது என்றாய். கம்ப்யூட்டரிடம், "நீ ஒரு மலையூர்ப் பொம்பளை, எழுதப் படிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டால், அதுவே அந்தப் பெண் மாதிரி பதில் சொல்லுமாம். கேட்ட உடனே சொல்லுமாம். "நீங்கல்லாம் ஜீப்புல ஏறிப் போய் ஜனங்க பக்கத்துல உக்காந்தீங்களேப்பா, அத எழுதிக் குடுங்க, எங்க ஆபீஸ் பசங்க கேக்கறாங்க" என்றாய். உன் தம்பியும் படிக்கட்டும் என்று இரண்டு பேருக்குமாகத்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நான் அந்த வேலைக்குள் போனதே மைக் செட்டோடுதான். சந்தவாசலில் நாம் நடத்திய சவுண்டு சர்வீஸ் உங்களுக்கு நினைவிருக்கும். கூம்பு ஸ்பீக்கருக்குள் தலையை விட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஊளையிடுவீர்கள். கூழ் ஊற்றும் திருவிழா, கண் பரிசோதனை முகாம், காணாமல் போன மாடு, எல்லாவற்றுக்கும் ஆட்டோவில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போவது என் குரல்தான். வேலூரில் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருந்த சிலர் மலை ஊர்களில் கூட்டம் போட மைக் கேட்டு வந்தார்கள். கூட்டம் முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர்களுக்குத் தலைமையாக இருந்த ஸ்டெல்லா மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

"பழனி அண்ணா, மைக் வேணாம். உங்க கொரல் மட்டும் எங்களோட வருமா?"

"கொரல் வந்தா நானும் கூட வரணுமே மேடம்" என்றேன். சிரித்தார். அப்படித்தான் சேர்ந்தேன்.

வேலை என்னவென்றால், ஒரு அறக்கட்டளை மலை ஊர்களுக்கு ஜீப் ஏற்பாடு செய்திருந்தது. யாருக்காவது ஆபத்து என்றால் ஒரு எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பதிவு செய்த குரல் ஒன்று மூன்று கேள்விகள் கேட்கும். எந்த ஊர், என்ன ஆயிற்று, யார் வீடு. பதில் முழுதாக இருந்தால் அது அப்படியே ஜீப் டிரைவரின் போனுக்குப் போய்விடும், வண்டி கிளம்பும். பட்டன் போன் போதும், எழுத்து தெரிய வேண்டாம். அந்தக் குரல் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், ஆள் பேசாமல் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்வதுதான் மேடத்தின் வேலை. அதற்குப் பெயர் டிசைன் என்றார்கள். டிசைன் என்றால் சேலையில் பூப்போடுவது என்று நினைத்திருந்தேன்.

முதல் மாதம் முழுக்க என் குரலில் இருந்த ஜரிகையைப் பிரித்து எடுத்தார்கள். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று என் நாக்கு தானாகக் கிளம்பும். மேடம் கையை உயர்த்துவார். "அண்ணா, அங்க ஒருத்தருக்குப் பாம்பு கடிச்சிருக்கு. அவங்க இன்னும் பெரியோர்களேலயே நிக்கிறாங்க."

இப்போது செய்முறையைச் சொல்கிறேன். உங்கள் ஆபீஸ் பிள்ளைகளுக்கு வேண்டியது இதுதான். இயந்திரத்தைச் செய்வதற்கு முன்னாலேயே அது சரியாக இருக்குமா என்று பார்க்க வேண்டும். எப்படி? இயந்திரம் மாதிரி ஒரு ஆள் நடிக்க வேண்டும். அந்த ஆள் நான். ஊருக்குள் ஜீப்பை நிறுத்திவிட்டு நான் ஜீப்புக்குப் பின்னால் மறைந்து உட்காருவேன். கையில் ஒரு வாக்கி டாக்கி, மடியில் கேள்விகள் எழுதிய அட்டைகள். வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் மேடம் இன்னொன்றைக் கொடுத்து, "வூட்டுல ஒருத்தருக்கு உடம்பு முடியலன்னு வெச்சுக்கங்க. ஜீப்பக் கூப்பிடுங்க" என்பார். அதற்கப்புறம் வாயைத் திறக்க மாட்டார்.

அந்த அம்மாவுக்கு நான் தெரியக்கூடாது. நானும் அட்டையில் இருப்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாது. பதில் வரவில்லை என்றால் ஒரு மூச்சு இழுத்து விட்டு, அதே கேள்வியை அதே குரலில் திருப்பிக் கேட்க வேண்டும். அப்புறமும் வரவில்லை என்றால் இன்னொரு தடவை. அதோடு, "தகவல் முழுமையாக இல்லை. மீண்டும் அழைக்கவும்" என்று முடித்துவிட வேண்டும். "பாவம் பாக்காதீங்கண்ணா. நீங்க பாவம் பாத்தீங்கன்னா மெஷினுக்கும் பாவம் பாக்கத் தெரியும்னு நான் ஏமாந்துடுவேன்" என்பார் மேடம்.

அவர் உட்காரும் விதம் ஒன்று உண்டு. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். முதலில் குளிருக்கு என்று நினைத்தேன். மலைக் காற்றில் அதுவும் நியாயம்தான். கேட்டதற்கு, "இல்லாட்டி என் கை தானா போய் உதவி பண்ணிடும்ணா" என்றார். எதிரில் இருப்பவர் தடுமாறினாலும், தவறான இடத்தை அழுத்தினாலும், போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் அந்தக் கைகள் வெளியே வராது. முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. திரும்பி வரும்போது ஜீப்பில் கேட்பார்: "வாய் எங்க நின்னுச்சு? கண்ணு எங்க போச்சு?" அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கடைசியில்தான் கேட்பார். ஏனென்றால் மலையில் யாரைக் கேட்டாலும், "நல்லா கீதுங்க" என்பார்கள். வீடு தேடி வந்தவர்களின் பொருளைக் குறை சொல்லும் பழக்கம் அந்த ஜனங்களுக்குக் கிடையாது. சாமைச் சோறு போட்டு அனுப்புவார்கள். ஆனால் ஒரு உண்மையைக் கறக்க முடியாது.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில்தான் காசியம்மா வீடு. அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் பாதி ஊரே கூடியிருந்தது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் காசியம்மா கணீரென்று பதில் சொன்னார். மூன்றாவதில்தான் ஒரு மாற்றம் செய்திருந்தோம். ஒரே ஊரில் மூன்று காசியம்மா இருப்பார்கள், யார் வீட்டுக் காசியம்மா என்று தெரிந்தால்தான் நேராகப் போக முடியும் என்று டிரைவர் சொல்லியிருந்தார். அதனால் என் அட்டையில் இருந்தது: "உங்கள் கணவர் பெயரைச் சொல்லுங்கள்."

பேச்சு நின்றது. நான் மூச்சு இழுத்து விட்டு மறுபடியும் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"கேக்குது பாரு, சொல்லேன் அண்ணி!"

"நீ சொல்லுடி. ஒங்கண்ணன் தானே."

"கட்டிக்கினது நீ, பேர் மட்டும் நான் சொல்லணுமா?" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார்க்காரி வாக்கி டாக்கியைப் பிடுங்கி, கொல்லைக் காட்டில் இருப்பவரைக் கூப்பிடுவது போலக் கத்தினாள்: "வெள்ளையன்! வெள்ளையன் வூடு!"

என் அடுத்த அட்டையைப் படித்தேன். "நன்றி. வண்டி கிளம்பிவிட்டது. அங்கேயே இருங்கள்." கை தட்டினார்கள். காசியம்மா என் குரலைப் பார்த்து, அதாவது அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்து, "சரி சாமி, பாத்து வா" என்றார்.

ஜீப்பில் மேடம் கேட்டார், "மூணாவதுல ஏன் நின்னாங்க?"

"புருஷன் பேரு சொல்ல மாட்டாங்க மேடம். வெக்கம்."

"எங்க பாட்டியும் சொல்ல மாட்டாங்க" என்றார் மேடம். "ஆனா யாராவது எடுத்துச் சொல்லிடறாங்க இல்ல?"

"எப்பவும் யாராவது பக்கத்துல இருப்பாங்க மேடம்." அதற்குப் பிறகு போன ஊர்களிலும் அப்படித்தான் நடந்தது. கேள்வியை அப்படியே வைத்தோம். வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் என் குரலைப் பதிவு செய்தார்கள். எண் நடைமுறைக்கு வந்தது. சுகப்பிரசவம் ஒன்று, பாம்புக்கடி ஒன்று என்று நல்ல சேதிகள் வந்தன. நம் வீட்டில் அம்மா கேசரி கிளறியது அந்த வாரம்தான்.

புளி உலுக்கும் பருவத்தில் மேடம் ஒருநாள் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். பாதியில் அறுந்துபோன அழைப்புகளையெல்லாம் அவர் உட்கார்ந்து கேட்பது வழக்கம். "நிறைய பேரு பேசினது நமக்குப் பாடம் இல்லண்ணா, பேசாம வெச்சது தான் பாடம்" என்பார். அன்றைக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒன்றைப் போட்டார்.

முதலில் ஓடி வந்த மூச்சு. ஊர் பெயர். "மரத்துல இருந்து உழுந்துட்டாரு, எழுந்துக்க முடியல." அப்புறம் என் குரல், நிதானமாக, ஜரிகை இல்லாமல்: "உங்கள் கணவர் பெயரைச் சொல்லுங்கள்."

காற்று. வேறு ஒன்றும் இல்லை. காற்று அப்படி அடிக்கிற இடம் அந்த ஊரில் ஒன்றுதான் உண்டு. ஊருக்கு மேலே இருக்கும் பாறை. அங்கேதான் சிக்னல் கிடைக்கும். வாசலில் வாக்கி டாக்கியோடு சோதனை செய்த எங்களுக்கு அந்தப் பாறையில் ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை. பாதி ஊர் வாசலில் இருக்கும். பாறையில் யார் இருப்பார்கள்?

என் குரல் திரும்பக் கேட்டது. காற்று. இன்னொரு முறை கேட்டது. பிறகு, "தகவல் முழுமையாக இல்லை" என்று ஆரம்பித்தது. அதற்கு அடியில், அதோடு சேர்ந்து, காசியம்மாவின் குரல் வந்தது.

"அன்னிக்கே சொன்னாங்களே சாமி... மறந்துட்டியா?"

இயந்திரத்துக்குப் பேசும்போது காது கிடையாது. "மீண்டும் அழைக்கவும்" என்று சொல்லி வைத்துவிட்டது. மீண்டும் அழைத்திருந்தார். மீண்டும் அதே கேள்வி, அதே காற்று. அதற்குப் பிறகு வெகு நேரம் அழைப்பு இல்லை. பாறையை விட்டு இறங்கி, ஊரே புளி உலுக்கப் போயிருந்ததால் ஜீப் வரும் வளைவு வரைக்கும் ஓடி, விறகு வெட்டப் போன ஆட்களைப் பிடித்து, அவர்களில் ஒருவர் மேலே ஏறி வந்து பெயரைச் சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பியிருக்கிறது. வெள்ளையன் பிழைத்தார். ஆனால் இடுப்பு எலும்பு, அவ்வளவு நேரம் கிடந்ததில் கெட்டுவிட்டது. கால் கடைசிவரை நேராகவில்லை.

மேடம் மறுபடியும் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அறையில் என் குரலை எனக்கே பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

"உசிரு போற நேரத்துல கூடவா பேரு சொல்ல மாட்டாங்க?" என்று ஆபீசில் ஒருவர் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா இருக்கறப்பன்னா வெளையாட்டுக்காச்சும் சொல்லிடுவா. உழுந்து கெடக்கறவரு பேர எவ சொல்லுவா? சொன்னா ஆயுசு கொறையும்னு கீது. இருக்கறதே ஒரு நூலு. அதையும் அவளே அறுக்கவா?"

மறுநாள் இதை அப்படியே மேடத்திடம் சொன்னேன். உள்ளங்கைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த கேள்வி அட்டைகளில் மூன்றாவதை எடுத்து, தானே கிழித்தார். "நான் தான்ணா தப்பா வரைஞ்சேன். கேள்வி கேட்டது தப்பில்ல. பேசாம இருந்தா வண்டி கெடையாதுன்னு வெச்சேன் பாருங்க, அது" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் பாறையில்தான். வேர்க்க வேர்க்க ஏறினோம். ஒவ்வொரு அம்மாவாக, தனியாக, பக்கத்தில் யாரும் இல்லாமல் அனுப்பினோம். மேடம் கூட வெகு தூரம் தள்ளி உட்கார்ந்தார். நான் பெரிய பாறைக்குப் பின்னால். ஊரும் என்ன ஆயிற்று என்பதும் தெரிந்தவுடனேயே, "வண்டி கிளம்பிவிட்டது" என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மூன்றாவது: "வண்டிக்காரர் வழியில் என்னவென்று கேட்டுக்கொண்டு வர வேண்டும்?" பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. திருப்பிக் கேட்கக்கூடாது. என் அட்டையில் அதற்கு மட்டும் மேடம் சிவப்பில் கோடு போட்டிருந்தார்.

காசியம்மாவும் வந்தார். வெள்ளையன் அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வீட்டில் கிடந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தோம். போனைக் காதில் வைத்துக்கொண்டார். நான் மூன்றாவதைக் கேட்டதும், ஒரு நொடி காற்று அடித்தது.

"புளியமரத்துல இருந்து உழுந்தாரே, அவரு வூடுன்னு கேளு. குருடனும் கை காட்டுவான்."

இயந்திரம் சிரித்துவிட்டது. அடக்க முடியவில்லை. சத்தம் கேட்டு காசியம்மா பாறையைச் சுற்றி வந்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். கால்களை நீட்டிக்கொண்டு, மடியில் அட்டைகளோடு இருந்தேன்.

"நீ தானா அது? அன்னிக்குப் பேரு கேட்டது?"

"நான் தாம்மா." திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

மேலும் கீழும் பார்த்தார். "கொரலக் கேட்டு நல்லா வாட்டசாட்டமான ஆளுன்னு நெனச்சேன். இப்படி ஒல்லியா கீறியே" என்று சொல்லிவிட்டு, கொழுக்கட்டை இருக்கிறது, கீழே வந்து சாப்பிட்டுப் போ என்றார். மேடம் எழுந்து போய் வேறு பக்கம் திரும்பி நின்றார். காற்றில் கண் கலங்குகிறது என்று பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு வேறு வேறு வேலைகள் வந்தன. விலை பார்க்கும் செயலி, மழை சொல்லும் செயலி. மலையில் புளி கொட்டை எடுத்துக் காய்த்துப்போன விரல்களைத் தொடுதிரை ஆள் என்றே மதிக்காது. அவர்கள் இன்னும் அழுத்தி, இன்னும் நேரம் வைத்திருப்பார்கள். அதற்கு வேறு ஏதோ திறந்துகொள்ளும். அதையெல்லாம் ஒவ்வொரு விரலாகப் பார்த்துச் சரி செய்தோம். சொன்னால் தனிக் கதை. மேடம் கல்யாணமாகி வெளிநாடு போனார். ஆபீஸ் வேறு ஊருக்குப் போனது. என் தொண்டையும் கரகரத்துவிட்டது. நான் வீட்டில் உட்கார்ந்தேன்.

இப்போது எனக்கு அந்தச் சம்பளமோ ஜீப்போ நினைவுக்கு வருவதில்லை. ஒரு ஆள் யோசிக்கிறபோது வருகிற அந்த நிசப்தம் இருக்கிறதே, அதற்குத்தான் ஏங்குகிறேன். ஜீப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒருவர் என்ன சொல்லப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். கோழி கேட்கும், குழந்தை அழுவது கேட்கும், வளையல் கேட்கும். அப்புறம் பதில் வரும், அல்லது வராது. மேடம் சில நாள் போனில் பேசும்போது, "பாறைக் காத்து ஞாபகம் வருதாண்ணா?" என்பார். வருகிறது என்பேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம். போன் கட்டணம் வீணாகிறது என்று உங்கள் அம்மா கையைக் காட்டுவாள்.

இந்த மாதம் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போயிருந்தேன். தேன் வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.

"பேரு கேக்கறவரே!"

திரும்பினேன். காசியம்மா. முடி முழுக்க வெளுத்திருந்தது. கடைக்காரரிடம் நான் விலை கேட்ட குரலை வைத்தே பிடித்துவிட்டாராம். சிமெண்டுத் திண்டில் இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னார்.

"கொரல் போச்சே உனுக்கு."

"வயசாய்டுச்சில்லமா. வூட்டுல எல்லாம் நல்லா கீறாங்களா? அவரு எப்படி கீறாரு?"

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "போன மழைக்குப் போய்ட்டாரு. கால இழுத்துக்கினே கடைசி வரைக்கும் கொல்லைக்கு வந்தாரு. தூக்கத்துலயே போய்ட்டாரு."

காசியம்மா சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டை இழுத்துக்கொண்டு யாரோ போனார்கள். அவர் என் பக்கம் திரும்பாமலேயே பேசினார்.

"அன்னிக்குக் கேட்டியே. நானும் உனுக்குப் பதிலே சொல்லல. இனிமே கொறையறதுக்கு இன்னா கீது?"

கொஞ்சம் நிறுத்தினார். பாறையில் கேட்ட அதே நிறுத்தல்தான்.

"வெள்ளையன்" என்றார்.

மெதுவாக, புதுசாக ஒன்றை வாயில் வைத்துப் பார்ப்பது போலச் சொன்னார். அத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வெளியே வந்ததை முதலில் கேட்டவன் நானாகத்தான் இருப்பேன். அந்தப் பதிலுக்கு அடுத்த வரி இன்னும் எனக்கு மனப்பாடம். நன்றி, வண்டி கிளம்பிவிட்டது, அங்கேயே இருங்கள். தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பஸ் வருகிற வரைக்கும் அவர் வேறொன்றும் பேசவில்லை. நான் திருப்பிக் கேட்கவில்லை.